மோரே சமவெளியில் பின் டியூப் மாற்றிய நாள்: ஜிஸ்பா முதல் லே வரை

மணாலியிலிருந்து லேவுக்கு பைக்கில் போகிறவர்களில் பெரும்பாலோர் நடுவில் சர்ச்சுவில் கூடாரம் எடுத்து ஒரு ராத்திரி தங்குவார்கள். நாங்கள் அதைத் தவிர்த்தோம். சர்ச்சு 4,290 மீட்டர் உயரம். மணாலியோ 2,000 மீட்டர்தான். அங்கே தூங்கிய உடம்பை மறுநாளே இவ்வளவு உயரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் விடிய விடியத் தலைவலி, குமட்டல்தான். ஜிஸ்பா 3,200, லே 3,500. இரண்டு ஊரிலும் நிம்மதியாகத் தூங்கலாம். நடுவில் உள்ள பாரலாச்சா, நாக்கீ, லாச்சுலுங், டங்லங் ஆகிய நாலு கணவாயையும் பகலிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். 330 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊரில் அரை நாள் வேலை, இங்கே விடிகாலையில் கிளம்பினால் இருட்டும்போது போய்ச் சேரலாம்.

வண்டிகள் இரண்டு. என்னுடையது ஹிமாலயன் 411. மச்சானுடையது பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, மிக்கார்ப் கார்புரேட்டர். ஈரோட்டிலிருந்து ஓட்டிக்கொண்டேதான் வந்தோம். சேலத்தில் பிடித்த 44ஆம் நம்பர் நெடுஞ்சாலையை அம்பாலா பக்கம் வரைக்கும் விடவில்லை. அந்த நீள ரோட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நேராக இருக்கும், சூடாக இருக்கும், லாரி இருக்கும்.

முந்தின நாள் டாண்டியில் இரண்டு டேங்கையும் நிரப்பினோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே ஒரு பலகை உண்டு. அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுக்காதவர் கிடையாது. உண்மையில் லேவுக்கு முன்னாலேயே காரு என்ற ஊரில் பெட்ரோல் கிடைக்கும். ஹிமாலயனுக்கு 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 தருகிறது, அதற்குக் கவலை இல்லை. புல்லட் மலையில் எவ்வளவு குடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 5 லிட்டர் கேன் ஒன்றை அதன் பக்கவாட்டில் கட்டினோம்.

ஜிஸ்பாவில் டீ குடித்ததும் முதல் வேலை புல்லட்டின் கார்புரேட்டர். அடல் சுரங்கத்தைத் தாண்டி லாஹௌல் பக்கம் வந்ததிலிருந்தே வண்டி இழுக்கச் சோம்பியது, ஐட்லிங்கில் முனகியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. காரணம் புரிந்ததுதான். கார்புரேட்டர் பெட்ரோலை அளக்கும் விதம் கீழ்நாட்டுக் காற்றுக்கு வைத்தது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, பெட்ரோல் அதே கணக்கில் வருகிறது. மிக்சர் ரிச்சாகிறது. ஹிமாலயனில் இதைக் கம்ப்யூட்டரே அழுத்தத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும். புல்லட்டில் நாம்தான் அந்தக் கம்ப்யூட்டர்.

தரையில் ஒரு துண்டை விரித்து, அதற்கு நேர் மேலே வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகிக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு ஸ்லைடு வெளியே வரும். ஸ்பிரிங்கை விரலால் அமுக்கிப் பிடித்து ஆக்ஸிலேட்டர் கேபிளின் முனையை விடுவித்தால், ஸ்லைடுக்குள்ளிருந்து நீடில் கையில் விழும். கோணி ஊசியை விடச் சின்னது, அடிப்பக்கம் கூராகச் சரியும். தலைப்பக்கம் ஐந்து பள்ளம், அதில் ஒன்றில் நகக்கண் அளவுக்கு ஒரு கிளிப். அந்தக் கிளிப்தான் ஆபத்தான ஆள். ஒரு தடவை தெறித்தால் ஜிஸ்பா மண்ணில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். கிளிப் நடுப் பள்ளத்தில் இருந்தது. அதை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் வரும் ஜெட்டின் வாயை இன்னும் கொஞ்சம் அடைக்கும், பெட்ரோல் குறையும். பலருக்கு இந்த மேல் கீழ் குழப்பம் வரும். கிளிப்பைப் பார்க்காமல் நீடிலின் கூர் முனை எங்கே போகிறது என்று பார்த்தால் குழப்பம் இல்லை.

மூடியைத் திரும்பப் போடும்போது ஸ்லைடில் இருக்கும் காடி உள்ளே இருக்கும் முளையில் உட்கார வேண்டும். உட்காராமல் திருகினால் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் உள்ள ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்து, ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். பிளக்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டி உதைத்ததும் பழைய தடதடப்பு வந்தது. மச்சான் இரண்டு தரம் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாப்ள இது நம்ம வண்டி" என்றார்.

மறுநாள் விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினோம். அவ்வளவு சீக்கிரம் கிளம்புவதற்குத் தூரம் மட்டும் காரணம் இல்லை. தார்ச்சாவைத் தாண்டி ஜிங்ஜிங்பார் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே பனி உருகி வரும் ஓடைகள் ஓடும். இங்கே நாலா என்பார்கள். ராத்திரிக் குளிரில் பனி உருகுவது நின்றுவிடும், காலையில் தண்ணீர் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற அதே இடத்தில் முழங்காலைத் தொடும், இழுப்பும் கூடும். பத்து மணிக்கு மேல் அங்கே போய் நிற்பவர்கள் படும் பாட்டை வீடியோக்களில் நிறையப் பார்க்கலாம்.

நாலாவைக் கடக்கப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் கியர், ஆக்ஸிலேட்டர் ஒரே சீராக, பார்வை எதிர்க்கரையில். அடியில் உருண்டைக் கல், அதனால் கிளட்ச்சை நடுவில் பிடிக்கவே கூடாது. மச்சான் முதலில் போனார். புல்லட்டின் கனம் அங்கே உதவி செய்தது. நான் பின்னால் போனேன், ஷூவுக்குள் தண்ணீர் போனது, பாதம் மரத்தது. அக்கரையில் இருவரும் நூறு மீட்டர் தூரம் பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே ஓட்டினோம். புல்லட்டின் பின்பக்கம் டிரம் பிரேக். நனைந்தால் காயும்வரை பிடிக்காது. அப்புறம் செயினைத் துடைத்து ஆயில் விட்டு, ஈர சாக்ஸை மாற்றிக்கொண்டு நகர்ந்தோம். ஈர சாக்ஸோடு பாரலாச்சா ஏறுவது வீரம் அல்ல.

பாரலாச்சா 4,890 மீட்டர். இரண்டு பக்கமும் பனிச் சுவர், நடுவில் கறுப்பு ரோடு. இறங்கவில்லை. பரத்பூர் கூடாரக் கடைகளில் பிஸ்கட்டும் டீயும். சர்ச்சு சமவெளியில் ஹிமாச்சல் முடிந்து லடாக் தொடங்குகிறது. போலீஸ் செக்போஸ்ட்டில் வண்டி நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தோம். இனிமேல் தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் செத்த மாதிரிதான். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஜிஸ்பாவிலேயே சொல்லியாகிவிட்டது.

அடுத்தது கட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவு. வால்பாறையில் 40, கொல்லிமலையில் 70 பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கொல்லிமலை உச்சியே 1,300 மீட்டர்தான். இங்கே முதல் வளைவே 4,000க்கு மேலே. ஹிமாலயனின் 24 குதிரைத்திறன் கீழ்நாட்டில். இந்தக் காற்றில் பிராணவாயு பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கிறது, இன்ஜினும் அவ்வளவுதான் வேலை செய்யும். 14, 15 மிஞ்சினால் பெரிது. இரண்டாம் கியரில் போக வேண்டிய வளைவுக்கு ஒன்றாம் கியர் கேட்கிறது. ஒரு வளைவில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன. தாகத்தில் இறந்துபோன லாரி கிளீனர் ஒருவருக்காக வைப்பது என்று சொல்கிறார்கள். மச்சானும் ஒரு பாட்டில் வைத்துவிட்டு வந்தார்.

புல்லட் அன்றைக்கு மலையேறிய விதத்தைப் பார்த்துக் கிளிப் வைத்த பள்ளம் சரி என்று தெரிந்தது. புகை இல்லை, வெடிச் சத்தம் இல்லை, மெதுவாக ஆனால் விடாமல் ஏறியது. நாக்கீ லா, லாச்சுலுங் லா இரண்டும் அப்படியே கடந்தன. நடுவில் ரோடு என்று சொல்ல முடியாத புழுதிப் பாதை. முன்னால் போகிற லாரியின் தூசியில் பற்களுக்கிடையே மணல் நெறுநெறுத்தது.

பாங் என்ற இடத்தில் 12 மணிக்கு ராஜ்மாவும் சோறும். அங்கே இருக்கும் ராணுவ முகாமை உலகிலேயே உயரமான இடைத்தங்கல் முகாம் என்பார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிஜன் ஸ்ப்ரே டப்பாவை முகர்ந்துகொண்டிருந்தான். அந்த டப்பா நாலு மூச்சுக்குத் தீர்ந்துபோகும். தலைவலி நிற்கவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. அவன் கூட்டாளிகளிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் அதைச் சொன்னேன். தண்ணீரை நிறையக் குடித்து, சோற்றைக் கொஞ்சமாகச் சாப்பிட்டோம். வயிறு முட்டச் சாப்பிட்டால் அந்த உயரத்தில் மூச்சு இன்னும் இழுக்கும்.

பாங்கிலிருந்து ஒரு ஏற்றம் ஏறினால் மோரே சமவெளி. சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட நேராக ஓடும் நல்ல தார் ரோடு. காலையிலிருந்து பட்ட பாட்டுக்கெல்லாம் பரிசு. இருபக்கமும் மஞ்சளும் பழுப்புமாக மலைகள், தூரத்தில் சாங்பா இடையர்களின் ஆட்டுக் கூட்டம். 70இல் போய்க்கொண்டிருந்தேன். பின்பக்கம் வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைக்கத் தோன்றும், அங்கே பக்கக் காற்று அப்படி அடிக்கும். ஆனால் காற்று தள்ளினால் வண்டி முழுசாகச் சாயும். இது இடுப்புக்குக் கீழே மட்டும் நெளிந்தது. ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, பின் பிரேக்கைத் தொடாமல், முன் பிரேக்கை மட்டும் லேசாகப் பிடித்து ஓரங்கட்டினேன். பின் டயர் ரிம்மோடு ஒட்டிக்கிடந்தது.

ஹிமாலயன் 411க்குக் கம்பிச் சக்கரம், டியூப் டயர். டியூப்லெஸ் என்றால் குச்சி சொருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். இங்கே சக்கரத்தையே கழற்றியாக வேண்டும். ஊரில் பஞ்சர் கடைக்காரர் பீடி புகைத்தபடியே அரை மணியில் முடிக்கிற வேலை. 4,700 மீட்டரில் அந்த வேகத்தில் இறங்கினால், ஸ்பேனரை ஐந்து தடவை இழுத்ததும் கண் இருட்டும். மச்சான் வந்து நிறுத்தியதும் சொன்னது இதுதான்: "மாப்ள, நீ ஒண்ணு கழட்டு, அப்புறம் உக்காரு. அடுத்தது நான் கழட்டறேன். ரெண்டு பேரும் சேர்ந்து குனியவே கூடாது." அன்றைய வேலை முழுக்க அந்த முறையில்தான் நடந்தது.

முதலில் பெட்டி, பை எல்லாவற்றையும் இறக்கினோம். அச்சின் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தி வைத்தேன். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அதோடு மல்லுக்கட்டினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து விழும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு. மோரே மண் மேலே பார்க்கக் கெட்டி, உள்ளே பொடி. கழற்றுகிற நட்டு, வாஷர், ஸ்பேசர் எல்லாம் கவிழ்த்த ஹெல்மெட்டுக்குள். தரையில் வைத்தால் அந்தக் காற்றில் மணல் மூடிவிடும். எந்த ஸ்பேசர் எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். செயின் அட்ஜஸ்டரை இரு பக்கமும் ஒரே அளவாகத் தளர்த்தினேன், எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணி. அச்சை உருவும்போது மச்சான் சக்கரத்தை அடியில் கால் கொடுத்துத் தாங்கினார். செயினைப் பின்பல்லிலிருந்து தூக்கிவிட்டால் சக்கரம் வெளியே வந்துவிடும். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர் தனியாகத் தொங்கும். அதை ஏபிஎஸ் வயர் இழுபடாமல் ஒரு கயிற்றால் ஸ்விங் ஆர்மோடு கட்டி, பேடுகளுக்கு நடுவில் பிஸ்கட் அட்டையைச் சொருகி வைத்தேன். டிஸ்க் வெளியே இருக்கும்போது யாராவது பின் பிரேக்கை மிதித்துவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் நுழையாது.

இந்த வேலையில் கடினமானது பீடிங்கை, அதாவது ரிம்மில் உட்காரும் டயரின் விளிம்பை, ரிம்மிலிருந்து விடுவிப்பது. டயரை நெம்பும் லிவரால் குத்திக் குத்திப் பார்ப்பதை விட, துணைக்கு ஒரு வண்டி இருந்தால் அதன் சைடு ஸ்டாண்டைப் பயன்படுத்துவது நல்லது. சக்கரத்தை டிஸ்க் மேலே இருக்கும்படி படுக்க வைத்து, புல்லட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் சைடு ஸ்டாண்டின் பாதத்தை டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி, ஆனால் டிஸ்க்கைத் தொடாமல் வைத்தோம். மச்சான் புல்லட்டை மெதுவாகச் சாய்த்தார். அதன் எடை முழுவதும் அந்தப் பாதத்தில் இறங்கியது. டயர் முனகிக்கொண்டே ரிம்மிலிருந்து நழுவியது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு இடம். மறுபக்கத்துக்கு ஜாக்கெட்டை மடித்து டிஸ்க்குக்கு அடியில் கொடுத்தோம்.

அடுத்து லிவர். இதில் பலம் தேவைப்பட்டால் எங்கோ தப்பாகச் செய்கிறோம் என்று அர்த்தம். லிவர் போடுகிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பீடிங்கை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கிவிட்டால், இந்தப் பக்கம் தானாகத் தளர்ந்து கொடுக்கும். அப்படி அமுக்காமல் லிவரை மட்டும் இழுத்தால் இரண்டு பேர் தொங்கினாலும் வராது. நான் முழங்காலை ஊன்றி, ஒரு சாண் அளவு மட்டும் தூக்கி, உட்கார்ந்து மூச்சு வாங்கி, மறுபடி ஒரு சாண். ஒரு பக்கம் வெளியே வந்ததும் வால்வின் நட்டைக் கழற்றி டியூபை உருவியாயிற்று.

புதுசு கையில் இருந்தாலும் பழைய டியூபில் எங்கே ஓட்டை என்று பார்த்தாக வேண்டும். குத்தியது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கலாம். டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் சுற்றிக் காட்டினால் ஊசிமுனைக் காற்று சுள்ளென்று தெரியும். மோரேயின் காற்றில் அது நடக்கவில்லை, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதற்குள் காதருகே வைத்துத்தான் கண்டுபிடித்தோம். வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிப்பக்கம். டயரை அதே இடத்துக்குப் பொருத்திப் பார்த்து, உள்ளே ஒரு பருத்தித் துணியைச் சுற்றித் தடவினேன். வெறும் விரலை விடக்கூடாது, துணிதான். ஓர் இடத்தில் நூல் சிக்கியது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டயரை வெளியிலிருந்து மடக்கிப் பிடித்ததும் உள்ளே கறுப்பு ரப்பரில் வெள்ளியாக ஒரு முனை மின்னியது. தலைமயிர் பருமனில் ஒரு கம்பி, அரைவிரற்கடை நீளம். வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறுகிற கம்பி. கட்டிங் பிளேயரால் உள்பக்கம் இழுத்தேன். அதைப் பார்க்காமல் புது டியூபை மாட்டியிருந்தால் டங்லங் லாவில் மறுபடியும் இதே வேலை.

புது டியூபில் முகப்பவுடர் தடவினேன். பஞ்சர் கடைகளில் வெள்ளைப் பொடி போடுவார்களே, அதே காரியம்தான். டயருக்குள் டியூப் மடியாமல் வழுக்கி உட்காரும். வால்வை ஓட்டையில் விட்டு நட்டை இரண்டு சுற்று மட்டும் மாட்டி, டியூபில் வடிவம் வருகிற அளவுக்குச் சின்னக் காற்று அடித்தேன். பீடிங்கை உள்ளே தள்ளுவதை வால்வுக்கு நேர் எதிரில் ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும். கடைசிச் சாணில்தான் லிவர் டியூபைக் கடிக்கும். வால்வைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, டியூப் விலகியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, அப்புறம் கடைசி அமுக்கு.

சரி, காற்று. கையில் இருந்தது கை பம்பு. பேட்டரியில் ஓடும் குட்டிக் கம்ப்ரசரை நான் நம்புவதில்லை. அது வேண்டிய நேரத்தில் ஃப்யூஸைப் போக்கும். ஆனால் கை பம்பு இந்த உயரத்தில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் சோர்வாக இருக்கும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 4,700 மீட்டரில் சுமார் 8. பம்பு ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே வாங்குவது அந்த மெலிந்த காற்றைத்தான். ஊரில் நூறு அடியில் ஏறும் அழுத்தத்துக்கு இங்கே நூற்றெண்பது அடிக்க வேண்டும். அடிப்பவருக்கும் அதே பாதிக் காற்றுதான். இருபது அடி நான், இருபது அடி மச்சான். முறை மாறும்போது பேச்சுக்கூட இல்லை, கையைக் காட்டினால் அடுத்தவர் எழுந்து வருவார்.

காற்றுமானி 25 காட்டியபோது டயரைச் சுற்றிப் பார்த்தேன். டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிந்தால் பீடிங் சரியாக உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கு முக்கால் வட்டம் சரி. ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்து கிடந்தது. அப்படியே ஓட்டினால் சக்கரம் நொண்டும். அது வெளியே வர 40, 45 வரைக்கும் காற்று வேண்டும். எங்கள் கைகளில் அதற்குத் தெம்பு இல்லை.

அப்போதுதான் லேயிலிருந்து காலியாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு டேங்கர் லாரி நின்றது. அந்த ரோட்டில் யார் நின்றாலும் லாரிக்காரர்கள் கேட்காமல் போவதில்லை. டிரைவர் இறங்கி டயரைக் காலால் தட்டிப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், சிரித்தார். ஒன்றும் பேசாமல் சீட்டுக்கு அடியிலிருந்து நீள ஹோஸ் ஒன்றை எடுத்து வந்தார். லாரியின் பிரேக்குக்கு உள்ள காற்றுத் தொட்டியில் ஒரு முனையை மாட்டி, இன்னொரு முனையை எங்கள் வால்வில் வைத்தார். அதற்குள் நான் பீடிங் மேல் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தடவிவிட்டேன். நாலைந்து வினாடி. டப் என்று ஒரு சத்தம். கோடு வட்டமாக வெளியே வந்து நின்றது. பணம் கொடுத்ததற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மச்சான் ஈரோட்டிலிருந்து சுமந்துவந்த முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தபோது மட்டும் வாங்கிக்கொண்டார்.

காற்றை 30க்கு இறக்கி, கழற்றியதற்குத் தலைகீழ் வரிசையில் மாட்டினோம். அட்ஜஸ்டரை எண்ணிய அதே சுற்றுகள், இரண்டு பக்கத்துக் குறியும் ஒன்றா என்று கண்ணால் சரிபார்ப்பு. அச்சின் நட்டை முழு எடை போட்டு இறுக்கி, கிளம்பும் முன் பின் பிரேக் பெடலைப் பத்துத் தடவை அமுக்கினேன். முதல் மூன்று நாலு அமுக்கு வெறுமனே போகும், பேடு டிஸ்க்கைத் தொட்ட பிறகுதான் பிடிக்கும். இதைச் செய்யாமல் இறக்கத்தில் இறங்கி, முதல் வளைவில் பிரேக் இல்லை என்று அலறியவர்கள் உண்டு. மணி நாலேகால். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தலை கனக்கவில்லை, கை நடுங்கவில்லை. அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தால், அடுத்த கணவாயில் ஒருத்தர் வாந்தி எடுத்திருப்பார்.

டங்லங் லா 5,328 மீட்டர். பலகையில் கொஞ்சம் கூட்டி 17,582 அடி என்று எழுதியிருக்கிறது. உலகின் இரண்டாவது உயரமான கணவாய் என்றும் எழுதியிருக்கிறது. உம்லிங் லாவுக்கு 19,024 அடியில் ரோடு போட்ட பிறகு அந்தக் கணக்கெல்லாம் மாறிவிட்டது. மேலே காற்று கத்தியாக இருந்தது, ஒரு படத்தோடு இறங்கிவிட்டோம். ரும்ட்சேயில் முதல் மரங்கள், க்யாவில் பட்டாணி வயல், அப்புறம் செந்நிறப் பாறைகளுக்கு நடுவே ஓடையை ஒட்டி ரோடு. உப்ஷியில் சிந்து நதி. காருவில் பெட்ரோல் போட்டோம். புல்லட் கேனைத் தொடாமலே வந்துவிட்டது. லேக்குள் நுழைந்தபோது எட்டு மணி, தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் காற்றுமானி வைத்துப் பார்த்தபோது பின் டயரில் 29. இதைப் பார்த்து மறுபடி பஞ்சர் என்று பயப்படத் தேவையில்லை. டயருக்குள் இருக்கும் காற்று அப்படியேதான் இருக்கிறது. காற்றுமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மோரேயில் வெளியே 8, லேயில் ஒன்பதரை. கீழே வர வர அந்த எண் குறைந்துகொண்டே போகும். மோரேயில் 30 வைத்தவர் கீழ்நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் டயரில் 6 பிஎஸ்ஐ வரைக்கும் குறையும், வெயிலின் சூடு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஏறும்போது இதற்கு நேர்மாறு: ஊரில் 32 வைத்துக் கிளம்பினால் மேலே குளிரையும் மீறி இரண்டு மூன்று கூடத்தான் காட்டும்.

ஓட்டையான டியூபை லே கடைத்தெருவில் ஒரு பஞ்சர் கடையில் சூடு போட்டு ஒட்டி வாங்கி வைத்துக்கொண்டோம், அது இனி ஸ்பேர். அச்சின் நட்டை நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது வழக்கம், அது அசையவில்லை. புல்லட்டின் நீடில் கிளிப் மட்டும் பாக்கி. கார்துங் லா, பாங்காங் எல்லாம் முடியும்வரை அது இப்போதிருக்கும் பள்ளத்திலேயே இருக்கட்டும். திரும்பும்போது மணாலியில் அதை மறுபடி நடுப் பள்ளத்துக்கு இறக்கி, ஏர் ஸ்க்ரூவையும் அரைச் சுற்று உள்ளே திருகியாக வேண்டும். மேலே சரியாக இருந்த அளவு கீழே பெட்ரோல் போதாமல் லீன் ஆகிவிடும், பிளக் வெளுக்கும், இன்ஜின் கொதிக்கும். மச்சான் அதைப் பேனாவால் எழுதி, புல்லட்டின் டேங்க் மேல் டேப் போட்டு ஒட்டிவிட்டார்.